சிப்பி என்று நினைத்தது

மாமல்லபுரம் கடற்கரையைப் பெருக்க வரும் அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். செய்யூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். புடவைக்கு மேல் தொளதொளவென்று ஒரு பச்சைக் கோட்டு. மணலில் புதிதாக எது கிடைத்தாலும் முன்பல்லில் லேசாகத் தட்டிப் பார்ப்பார்.

ஒருநாள் காலையில் நடக்கப் போன என்னிடம், உள்ளங்கை அளவில் சுருண்ட ஒன்றை நீட்டினார்.

"சிப்பி மாறி கீது சார். ஆனா கல்லு கனம் கனக்குது. எலும்போன்னு தோணுது. போன தபா ஒருத்தர் கேட்டுச் சொல்றேன்னு ஒண்ணு எடுத்துக்கினு போனாரு. அப்புறம் ஆளயே காணோம்."

அதனால் நான் அதைக் கையில் வாங்கவில்லை. படம் மட்டும் எடுத்து, செங்கல்பட்டுக் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் நண்பருக்கு அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது. திமிங்கலத்தின் காதெலும்பாக இருக்கலாம், பல காலம் மண்ணில் கிடந்து கல்லாகிப்போனதா என்பதை நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

மறுநாள் அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "நீங்களே கொண்டுவந்து அவர்கிட்ட காட்டுங்கம்மா. நானும் கூட வர்றேன்."

"லீவு போட்டா கூலி போய்டும் சார்." துடைப்பத்தை ஊன்றிக்கொண்டார். பிறகு இடுப்பைப் பிடித்தபடி, "காதுன்னா ரெண்டு இருக்குமே. இனிமே அதுக்கு வேற குனியணும்" என்றார்.

அலுத்துக்கொண்டாரா, ஆசைப்பட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அன்று அவர் பெருக்க வேண்டியது வண்டிகள் நிறுத்தும் இடம். அவரோ அலையோரமாகவே போய்க்கொண்டிருந்தார்.