பூட்டக்கா தலையாட்டிய நாள்

ஒவ்வாமை மருத்துவமனையின் மாடியில், ஊசி போட்டவர்கள் காத்திருக்கும் அறை வாசலை அடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் அந்த நர்ஸம்மா. நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் பூட்டக்கா. காதுபடவே சொல்வார்கள். அவரும் கண்டுகொள்வதில்லை. கோபப்படவும் உடம்பில் ஏதாவது மிச்சமிருக்க வேண்டுமே.

கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் கண்டுபிடிப்பார். பிறகு அதே பொருளைத் துளித்துளியாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்குவார்கள், வாரா வாரம், வருடக்கணக்கில். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் யாரும் நகரக் கூடாது. எப்போதோ ஒருவருக்கு உடம்பு முரண்டு பிடித்தால் உயிருக்கே ஆபத்து. மற்றவர்களுக்கு அது வெட்டிப்பொழுது. "அடுப்புல பால் இருக்கு" என்பதிலிருந்து "மாமியார் கீழ நிக்கிறாங்க" என்பது வரை எல்லாக் கதையும் பூட்டக்காவிடம் வரும். இருபது வருடமாக மாட்டேன் மாட்டேன் என்று சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. வீட்டில் கணவர் கடைக்குக் கிளம்பினால்கூட, "உக்காருங்க" என்றுதான் முதலில் வாயில் வரும்.

டாக்சி டிரைவர் ஒருவர் வருவார். வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்கே தெரியாத பூச்சிதான் அவருக்கு எமன். வண்டி ஓட்டும்போது அடுக்கடுக்காகத் தும்மல் வரும், கண் வீங்கி ரோடே தெரியாது. ஒருமுறை தும்மிய தும்மலில் வண்டியை நடைபாதையில் ஏற்றிவிட்டார். ஊசி ஆரம்பித்த பிறகுதான் மனுஷன் நிம்மதியாக ஸ்டியரிங் பிடிக்கிறார். ஊசி நின்றால் பிழைப்பும் நின்ற மாதிரிதான்.

அன்று அவருக்கு மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார்கள். பாதி நேரம்கூட ஆகவில்லை, எழுந்து வந்துவிட்டார்.

"அக்கா, கீழ வண்டியில ஆள் காத்துட்டிருக்காங்க. இவ்வளவு நாளா எனக்கு ஒண்ணும் ஆகலையே."

கூட வேலை பார்ப்பவள் லீவு. காலையிலிருந்து இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார் பூட்டக்கா. கால் கடுத்தது. வாதாட வாயெடுக்கவே மலைப்பாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு நாற்காலியை நகர்த்தினார்.

டிரைவர் இறங்கிப் போனதும் மனசு கேட்கவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தார். டாக்சி கிளம்பவில்லை. டிரைவர் கதவில் சாய்ந்தபடி இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தார். உடம்பு முரண்டு பிடிப்பதற்கு முதல் அடையாளம் அந்த அரிப்புதான். ஆபத்துக்கு முறிவாக வைத்திருக்கும் அட்ரினலின் ஊசியை எடுத்துக்கொண்டு படியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. டிரைவரின் உதடு தடித்திருந்தது, மூச்சு விசிலடித்தது. அங்கேயே உட்கார வைத்து, பேன்ட்டின் மேலாகவே தொடையில் ஊசியை இறக்கினார். பிறகு ஸ்டிரெச்சரில் மேலே கொண்டுவந்தார்கள்.

மூச்சு சீரான பிறகு டாக்டர் கேட்டார். "அரை மணி நேரம் ஆகுறதுக்குள்ள உங்களை யார் கீழ விட்டது?"

"யாரும் விடல டாக்டர். அக்கா அசந்த நேரம் நானே நழுவிட்டேன்."

பூட்டக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது.

"சொன்னா கேக்காதவங்களுக்கு இந்த ஊசியே கூடாது. அடுத்த தடவை உயிர் போயிடும். இதோட நிறுத்திடலாம்."

டிரைவரின் முகம் செத்துப்போனது. ஆனாலும் மனுஷன் பூட்டக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"டாக்டர்," என்றார் பூட்டக்கா. "அவர் என்கிட்ட கேட்டுட்டுத்தான் போனார். நான்தான் விட்டேன்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அளவைக் குறைச்சு மறுபடி ஆரம்பிப்போம்" என்று டிரைவரிடம் சொன்னார். பூட்டக்காவிடம், "நீங்க சாயங்காலம் என் ரூமுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏன்க்கா சொன்னீங்க? உங்க வேலைக்கே உலை வெச்சுக்கிட்டீங்களே."

"பேசாம படு தம்பி. இப்பதான் மூச்சு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, நாடி பார்க்க அவர் கையைப் பிடித்தார்.