எழுதாத தாளைத் திருப்பிக் கொடுத்தவர்

ரெஜினா இறந்த செய்தி எனக்கு இரண்டு வளைவுகளில் வந்து சேர்ந்தது. சேலத்திலிருந்து பஸ்ஸில் மலை ஏறிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி ஆல்பர்ட் போனில், “சார், எங்கக்கா...” என்றார். மலை மறைத்துத் தொடர்பு போனது. அடுத்த வளைவைத் தாண்டியதும் மறுபடி மணி அடித்தது. “காலைல, தூக்கத்துலயேங்க சார்” என்றார். இடைப்பட்ட சில நிமிடங்கள், ரெஜினாவுக்குக் கால் முறிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு வந்தேன்.

ஏற்காட்டுத் தொலைநிலைக் கல்வி மையத்தில் படித்த உங்களுக்கு ரெஜினாவை அறிமுகப்படுத்துவது அதிகப்பிரசங்கித்தனம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் ஒன்றின் இரண்டு வகுப்பறைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் வாங்கி நடக்கும் உயர்கல்வி அது. நான் அங்கே வரலாறு நடத்துகிறேன். ரெஜினாவின் பதவி அலுவலக உதவியாளர். அதாவது சேர்க்கை, தேர்வு, பெஞ்சு, குடிநீர் எல்லாம் அவர் பொறுப்பு. கையெழுத்து மட்டும் சேலத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் ஒருங்கிணைப்பாளருடையது.

வேறு கல்லூரியில் ஏற்கெனவே தேறிய தாள்களை ஏற்றுக்கொண்டு, மீதியை மட்டும் எழுதச் சொல்லும் விதி ஒன்று எங்கள் பல்கலைக்கழகத்தில் உண்டு. அதை யாராவது பயன்படுத்துவார்கள் என்று விதியைப் போட்டவர்கள் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. ரெஜினா பயன்படுத்தினார். ஒருமுறை தலைச்சோலையிலிருந்து செல்வி என்ற பெண் வந்தார். சேலத்தில் ஒரு வருடம் படித்துத் தேறி, கல்யாணத்தால் நின்றவர்.

“எல்லாம் மறந்துபோச்சுங்கக்கா. மொதல்ல இருந்தே எழுதிக்கறேன்” என்றார் செல்வி.

“மறந்துட்டா பாஸானது இல்லைன்னு ஆயிருமா கண்ணு? பட்டம் வாங்குன வாத்தியாருங்களுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்குதாக்கும்?” என்று கேட்டுவிட்டு ரெஜினா என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன். செல்வி நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தார். இன்று அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிறார். என்னைவிட நன்றாக நடத்துவதாகக் கேள்வி.

ஊருக்கெல்லாம் பெற்றுத் தந்த இந்தச் சலுகையைத் தனக்கு வாங்க ரெஜினா பல வருடம் போராடினார். இளம் வயதில் சேலம் கல்லூரி ஒன்றில் பி.ஏ. இரண்டாண்டு படித்தவர் அவர். எஸ்டேட்டில் ரைட்டராகக் கணக்கெழுதிவந்த அப்பா திடீரென்று இறந்ததும், படிப்பை விட்டு அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த இரண்டாண்டை ஏற்கும்படி அவர் விண்ணப்பித்தபோது, பல்கலைக்கழகம் முதலில் அந்தக் காலத்துப் பாடத்திட்டத்தைக் கேட்டது. கொடுத்தார். பிறகு ஒப்பீட்டுக் குழு அமைத்தது. குழுவின் தலைவர் ஓய்வு பெற்றார். புதிய தலைவர் பாடத்திட்டத்தை மறுபடி கேட்டார்.

பேசாமல் முதலாண்டில் சேர்ந்துவிடுங்கள், தூங்கிக்கொண்டே எழுதினாலும் தேறிவிடுவீர்கள் என்று நானும் சொன்னேன்.

“ஏனுங்க சார், பாதி மலை ஏறி வந்தவளைக் கீழ போயி மறுபடி ஏறுங்கறீங்க. அப்ப நான் இத்தன நாளா எங்கீங்க நின்னுட்டிருக்கறேன்?” என்றார்.

ஒருவழியாகத் தற்காலிக அனுமதியில் மூன்றாம் ஆண்டு எழுதித் தேறினார். குழுவின் முடிவுக்காகப் பட்டம் காத்திருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஓய்வு பெற்றார். பட்டம் பெற்ற உள்ளூர்க்காரர் இருந்தால் அவருக்கே அந்தப் பதவி என்று அறிவிப்பு வந்தது. ரெஜினாவைத் தவிர யாரையும் நாங்கள் நினைக்கவில்லை. அதே மாதத்தில் குழுவின் ஆணையும் வந்தது. முதலிரண்டு ஆண்டுகளின் தாள்கள் அனைத்தும் ஏற்கப்பட்டன. பட்டம் உறுதி, பதவியும் உறுதி. நான் இனிப்பு வாங்கப் புறப்பட்டேன்.

“இருங்க சார். ஒரு தாள் கூடுதலா வந்திருக்குது” என்றார்.

இரண்டாம் ஆண்டின் பொருளாதாரத் தாளை அவர் எழுதவே இல்லை. பல வருடம் யோசித்த குழு, யோசித்த களைப்பில் அதையும் சேர்த்து ஏற்றுக்கொண்டிருந்தது.

“அவங்களாக் கொடுத்தது. நாமா கேட்டோம்?” என்றேன்.

“அந்தப் பரீட்சை நடக்கறப்ப எங்கப்பன அடக்கம் பண்ணிட்டிருந்தேனுங்க.”

“திருப்பிக் கொடுத்தால் ஆணை மறுபடி குழுவுக்குப் போகும். பதவி கைநழுவிவிடும்.”

“போகட்டுங்க. பாஸானது பாஸானதுதான்னு சொல்லித்தானுங்க இத்தன வருசம் சண்ட போட்டேன். எழுதாததையும் வாங்கி வச்சுக்கிட்டா, அந்தச் சண்டை நொம்ப அசிங்கமாயிருமுங்க.”

பல்கலைக்கழகத்துக்கு நானும் கூடப் போனேன். பிரிவு அலுவலர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலி போடச் சொன்னார், பிறகு டீ சொன்னார், பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

“கொறச்சுப் போட்டுட்டாங்கன்னு வருவாங்கம்மா. கூடப் போட்டுட்டாங்கன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. இதுக்கு எங்ககிட்ட ஃபாரமே கிடையாதும்மா.”

“வெள்ளத் தாள்ல எழுதித் தரட்டுங்களா?”

“எழுதித் தந்தா நான் அத எந்த ஃபைல்ல வைப்பேன்?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். தகுதியைக் கேட்டு வருபவர்களை அலைக்கழிக்க அந்தக் கட்டடத்தில் ஐந்து மாடி இருந்தது. தகுதி வேண்டாம் என்பவரை உட்கார வைக்க ஒரு மேசைகூட இல்லை. கடைசியில் ரெஜினாவே அவருக்கு ஆறுதல் சொல்லி, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிவந்தார்.

நான் பயந்தபடியே ஆணை ரத்தானது. புதிய ஆணை வருவதற்குள் பதவி சேலத்துக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. அவர் வந்த முதல் நாள், மையத்தின் சாவி எங்கே இருக்கும் என்று ரெஜினாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பொருளாதாரத் தேர்வு மே மாதத்தில் வந்தது. தான் நடத்தும் மையத்தில் தானே எழுதக்கூடாது என்பதால் அவர் சேலத்துக்குப் போக வேண்டும். அன்று பார்த்து சேர்வராயன் கோயில் திருவிழா. மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டும் ஆல்பர்ட்டுக்கு வருடத்தின் மிகப் பெரிய நாள் அது. ஊரே மேலே ஏறிவர, எதிர்த்திசையில் அக்காவை மட்டும் ஏற்றிக்கொண்டு அவர் கீழே இறங்கினார்.

“சும்மா குடுத்தாங்க, வேண்டான்னுட்டே. இப்ப எம்பட பொழப்பையும் கெடுக்கற” என்றாராம்.

“பேசாம ஓட்டு சாமி. பணவீக்கம் மறந்துபோயிரும்” என்றாராம் ரெஜினா.

முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் நடுவில் உள்ளே வந்தார். அப்படி அவர் வந்ததே இல்லை. “நாப்பத்திரெண்டுங்க சார்” என்றார். நாற்பது எடுத்தால் தேர்ச்சி. “எனக்கு இதுதானுங்க தெரியும். இதுக்கு மேல ஒரு மார்க்குப் போட்டிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன்.” பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததால் என்னால் தட்ட முடியவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன்.

இரங்கல் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர், ரெஜினா தம் பணிக்கு உறுதுணையாக இருந்ததாகச் சொன்னார். உண்மைதான். கூரைக்குச் சுவர் உறுதுணையாக இருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுவாரம், சிலுவையில் பெயர் எழுத ஆள் வந்தபோது ஆல்பர்ட் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “பேருக்குப் பின்னால பி.ஏ.ன்னு போடலாமுங்களா சார்? அக்கா இருந்தா, கல்லறையில எதுக்குடா இதெல்லாம்னு திட்டுமுங்க.”

“திட்டட்டும். போடச் சொல்லுங்க” என்றேன்.

கறுப்பு வண்ணத்தில் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். என் வீட்டு வாசலில் என் பெயருக்குப் பின்னால் இதைவிட நீளமாக எழுதியிருக்கிறது. ஆனால் பட்டம் என்று யாராவது சொன்னால் இனி என் நினைவில் எழுவது, ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் ஈரம் காயாமல் நின்ற அந்த இரண்டு எழுத்துகள்தான். அவற்றுக்குள் அவர் எழுதாத தாள் ஒன்றுகூட இல்லை.