வயிற்றை அமுக்காமல் விட்ட டிரவுட்

ஆல்வின் கீஸிக்குக்கு அறுபத்து மூன்று வயது. அதில் நாற்பத்து நான்கு கோடைகளை அடுத்தவர்களுக்கு மீன் காட்டிக் கொடுப்பதிலேயே கழித்துவிட்டார். இந்த ஆகஸ்டில் அவருக்கே ஒரு மீன் தேவைப்பட்டது. ஒன்றே ஒன்று. அது கிடைக்கவில்லை.

பெரிய மீன்கூட வேண்டாம். ஏரி டிரவுட் ஒன்று, தலை முழுசாக இருந்தால் போதும். அவருடைய மனைவி மைரா, மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போக வேண்டிய நகரத்தில், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மூன்று வருடமாக இயந்திரம்தான் அவளுடைய ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. உப்பு கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, சூப்பு கூடாது என்று எதைக் கேட்டாலும் கையை விரித்த டாக்டரம்மா, போன ஞாயிற்றுக்கிழமை ஆல்வினைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, இனி உங்கள் மனைவி எதற்கு ஆசைப்பட்டாலும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆல்வின் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் மைராவே சொன்னாள், டிரவுட் தலையைப் போட்டுக் காய்ச்சிய சாறு வேண்டும் என்று. அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றார்.

சொல்வது சுலபம். பிக்கரல் என்றால் பிரச்சினையே இல்லை. அமெரிக்க விருந்தாளிகள் வால்ஐ என்று சொல்லிக்கொண்டு எல்லை தாண்டி வருகிறார்களே, அதே மீன்தான். பாறைத் திட்டுகளை ஒட்டி நாள் முழுக்கக் கிடைக்கும். ஆனால் ஆகஸ்டு மாதத்து டிரவுட் வெயிலுக்குப் பயந்து தொண்ணூறு அடி ஆழத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தேடிப் பிடிக்கப் பொழுது வேண்டும், உடம்பில் தெம்பு வேண்டும். ஆல்வினிடம் இரண்டும் இல்லை. காலை ஆறு மணிக்கு தான் வேலை பார்க்கும் மீன்பிடி முகாமின் படகுத்துறையில் நின்றால், விருந்தாளியை ஏற்றி, மீன் காட்டி, மதியம் ஏதாவது ஒரு கரையில் ஒதுங்கி, விறகு பொறுக்கி, அவர்கள் பிடித்த பிக்கரலைப் பொரித்துப் போட்டு, பாத்திரம் கழுவி, மறுபடி மீன் காட்டி, ஆறு மணிக்குத் திரும்ப வேண்டும். எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்து வலது தோள் தேய்ந்தே போய்விட்டது. அவருடைய தோள் கிரீச்சிடுவது அக்கரை வரை கேட்கிறது, அதனால்தான் மீன்கள் ஓடுகின்றன என்று இன்னொரு கைடான டெல்பர்ட் துறையில் நின்று கிண்டல் செய்வான். அந்த வாரம் மூன்று நாள் சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆல்வின் தனியாகப் போய் ஆழத்தில் தூண்டில் போட்டார். மூன்று நாளும் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். ஒரு தடவை படகு தானாகப் போய் நாணலில் சொருகிக்கொண்ட பிறகுதான் கண் விழித்தார்.

ஒரு நாள் விடுப்புக் கேட்டிருக்கலாம். முகாமின் முதலாளியம்மா ஷெரில் கல்நெஞ்சக்காரி அல்ல. மைரா இருபத்தாறு வருடம் அவளுடைய சமையலறையில் நின்றவள். டெல்பர்ட்டிடம் சொல்லியிருந்தால் அவன் தலைகீழாக நின்றாவது ஒரு டிரவுட்டைக் கொண்டு வந்திருப்பான். ஆனால் ஆல்வினுக்கு வாயைத் திறந்து கேட்க வராது. அது கௌரவமா, கூச்சமா, வெறும் வீம்பா என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் கைடுகளிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. விருந்தாளி வருடம் முழுக்க உழைத்து ஆறு நாள் சந்தோஷத்துக்காக வருகிறவர், வீட்டுக் கவலையை அவருடைய படகில் ஏற்றக் கூடாது என்பார்கள். மற்றவர்கள் அந்தக் கட்டுப்பாட்டைப் படகோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஆல்வின் விடவில்லை. படகில் பேசாமல் இருந்து பழகி, கரையிலும் பேசாத மனுஷன் ஆகிவிட்டார்.

அந்த வாரம் அவருடைய விருந்தாளி ஹார்லன். அயோவாவில் சோள விவசாயம். பதினான்கு வருடமாக ஆகஸ்டு தவறாமல் வருகிறார், ஆல்வின் படகு இல்லாவிட்டால் ஏற மாட்டார். மனுஷன் தங்கம். தூண்டில் வீசுவதில் மட்டும் சுத்த மோசம். ஒரு வருடம் தன் தொப்பியையே கொக்கியில் மாட்டி ஏரியில் எறிந்துவிட்டு, பெரிய மீன் என்று அரை மணி நேரம் இழுத்தவர்.

சனிக்கிழமை, ஹார்லனுக்குக் கடைசி நாள். இன்றைக்கு டிரவுட் முயற்சி செய்வோம் என்று ஆல்வின் தானே படகை ஆழத்துக்கு விட்டார். காலை முழுக்க ஒன்றும் இல்லை. மதியம் மூன்று மணிக்கு ஹார்லனின் கோல் வளைந்தது. பதற்றத்தில் அவர் சரசரவென்று சுற்றி இழுத்தார். வந்தது பன்னிரண்டு பவுண்டுக்குக் குறையாத டிரவுட். சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், நல்ல பெரிய தலை. ஆல்வின் அந்தத் தலையைத்தான் பார்த்தார்.

விருந்தாளிகள் பிடிக்கும் மீனுக்கு முகாமில் ஒரு சட்டம் உண்டு, எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிக்கரலைச் சாப்பிடலாம், டிரவுட் திரும்ப ஏரிக்குத்தான் போக வேண்டும். படம் எடுத்தாயிற்று. இனி விட வேண்டியதுதான். ஆனால் அவ்வளவு ஆழத்திலிருந்து வேகமாக வந்த மீனுக்கு வயிறு காற்றால் உப்பிவிடும். அப்படியே விட்டால் உள்ளே முங்க முடியாது. மல்லாந்து மிதந்து செத்துப் போகும். அதற்காக மீனைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரலால் வாலிலிருந்து தலைப் பக்கமாக வயிற்றை மெதுவாக அமுக்கிக்கொண்டு வர வேண்டும். ஏப்பம் மாதிரி வாய் வழியாகக் குமிழி வரும். பிறகு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவே உதறிக்கொண்டு போய்விடும். ஆல்வின் ஆயிரக்கணக்கான டிரவுட்டுகளுக்கு அதைச் செய்திருக்கிறார்.

அன்றைக்குச் செய்யவில்லை. சும்மா தண்ணீரில் வைத்து, கையை எடுத்துவிட்டார். மிதக்கட்டும், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம். மிதக்கிற மீனை எடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. பண்ணியது தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் பண்ணினார். இரண்டே இழுப்பில் எஞ்சினைக் கிளப்பினார். தோள் வலி தெரியவே இல்லை.

நூறு கஜம் போயிருப்பார்கள். ஹார்லன் திரும்பிப் பார்த்தார்.

"ஆல்வின், அது மல்லாந்து கிடக்குதப்பா. நீ வயித்த அமுக்கி விடலயே."

ஆல்வின் காது கேட்காதவர் போல ஓட்டினார்.

"நிறுத்து, நிறுத்து. ஒனக்கு உடம்பு முடியல, காலைலேருந்து பாக்குறேன். திருப்பு. நானே பண்றேன்."

திருப்பாமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்வது? ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. என் பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், அந்த மீன் அவளுக்கு வேண்டும். ஹார்லன் காதில் விழுந்திருந்தால் மீனை மட்டுமல்ல, தூண்டிலையும் சேர்த்துக் கொடுத்திருப்பார். ஆல்வின் படகைத் திருப்பினார்.

ஹார்லன் வயிறு படகின் விளிம்பில் அழுந்தக் குனிந்தார். பதினான்கு வருடமாக ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார் மனுஷன். மீனைச் சாய்த்துப் பிடித்தார், கட்டைவிரலை மெதுவாக நகர்த்தினார். குமிழிகள் வந்தன. வாலைப் பிடித்துக் காத்திருந்தார். வாழ்நாளில் ஒரு வீச்சு ஒழுங்காக வீசாத அந்தக் கைகள் இதை மட்டும் அச்சுப் பிசகாமல் செய்தன. டிரவுட் ஒரு உதறு உதறி, அவர் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு இறங்கிப் போனது.

"எப்படி? எல்லாம் ஒங்கிட்ட பாத்துக் கத்துக்கிட்டதுதான்," என்று நனைந்த முகத்தோடு சிரித்தார் ஹார்லன்.

"நல்லா செஞ்சீங்க," என்றார் ஆல்வின்.

துறையில் பிரியும்போது ஹார்லன், இந்த வருடமும் மைராவின் பன்னாக் ரொட்டி இல்லாமல் காலைச் சாப்பாடே இறங்கவில்லை, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றார் ஆல்வின். அதைச் சொல்லிவிட்டு மீன் கழுவும் கொட்டகைக்குப் போய், வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் விடியலில் பிக்கரல் தலைகளைப் போட்டுச் சாறு காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு நகரத்துக்குப் போனார். மைரா ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டிருந்தாள். ஒரு கரண்டி வாயில் வாங்கினாள்.

"இது பிக்கரல்."

"ஆமா."

"டிரவுட் மாட்டலயா?"

"மாட்டுச்சு. விட்டாச்சு."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் ஆல்வின் நடந்ததைச் சொன்னார், வயிற்றை அமுக்காமல் விட்டதையும் மறைக்காமல். ஹார்லன் குனிந்து குமிழி எடுத்த இடம் வந்ததும் மைராவின் தோள்கள் குலுங்கின. மூச்சுத் திணறல் என்று பயந்து மணியை அமுக்கப் போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பியப் பிடிச்சானே, அந்த ஆளா?"

"அவரேதான்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பானே, கெழவா," என்றாள். "நீ யார்கிட்டதான் எத கேட்ட? என்னப் பொண்ணு கேட்டு வந்ததே ஒங்கண்ணன்தான். நீ வாசல்ல நின்னு எங்க நாயத் தடவிக்கிட்டிருந்த."

ஆல்வின் பிளாஸ்கின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். வெளியே யாரோ சாப்பாட்டுத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மைரா."

"ம்."

"அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் இரேன்." பிளாஸ்கைக் கீழே வைத்தார். "கேக்குறேன். இருப்பியா?"

அவள் கையைப் போர்வைக்கு மேலே எடுத்து, அவருடைய வலது தோளில் வைத்தாள்.

"அந்த ஹார்லன் ஊருக்குப் போயிட்டானா?"

"காலையிலயே கெளம்பிட்டார்."

"அப்ப சரி. இந்த வாரம் மீன அமுக்கி விட ஆளில்ல," என்றாள் மைரா. "இன்னொரு கரண்டி குடு."