பதினோரு தடவை செத்த ராஜா

ஜப்பான்காரன் காலத்தில் சுங்கைப் பட்டாணியில் ராத்திரி ஏழு மணிக்கு வெயில் அடிக்கும். கடல் கடந்து போனவன் அளப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். நான் அளக்கவில்லை. மலாயாவின் கெடா மாநிலத்தில் உள்ள கடிகாரம் எல்லாம் தோக்கியோவின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓட வேண்டும் என்று வந்தவுடனே உத்தரவு போட்டார்கள். கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் தாவிவிட்டன. சூரியனுக்கு மட்டும் யாரும் உத்தரவை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை போலிருக்கிறது, அது தன் பாட்டுக்கு வந்து தன் பாட்டுக்குப் போனது. போதாக்குறைக்கு விளக்கு ஏற்றினால் மேலேயிருந்து குண்டு விழும் என்று விளக்குக்கும் தடை. ஆக, எங்கள் 'இரவு நாடகம்' பட்டப்பகலில் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும்.

புதுக்கோட்டைப் பக்கம் நாங்கள் ஆடிய ஆட்டம் வேறு. ராத்திரி பத்து மணிக்கு மேல் மேளம் கட்டினால் ராஜா சாகும்போது காக்கை கத்தும். கூட்டத்தில் பாதி தூங்கும், மீதி தூங்குகிறவனை எழுப்பும். காந்த விளக்கு வெளிச்சத்தில் என் தகரக் கிரீடம் தங்கம் மாதிரி தெரியும். சுங்கைப் பட்டாணி வெயிலில் அது மண்ணெண்ணெய் டின் மாதிரியே தெரிந்தது. அது மண்ணெண்ணெய் டின்தான். முகப்பூச்சு தீர்ந்துபோய் மரவள்ளிக்கிழங்கு மாவை அப்பிக்கொண்டோம். அரிசி இல்லாததால் வயிற்றுக்குள் போனதும் அந்த மாவுதான். உள்ளும் புறமும் ஒன்றாக வாழ்வது எப்படி என்று பெரியவர்கள் சொன்னது எனக்கு அந்த வருடங்களில்தான் கைகூடியது.

நான் ராஜபார்ட். மூன்று மாதம் ஆடிவிட்டுத் திரும்புவதாகச் சொல்லிக் கப்பல் ஏறிய கம்பெனியில் வந்தவன். வந்த இடத்தில் சண்டை வந்தது, கப்பல் நின்றது, கம்பெனி முதலாளி ஒரு நாள் காலையில் காணாமல் போனார். மிச்சம் இருந்த நாங்கள் ஐந்தாறு பேர் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், பாசார் என்கிற சந்தையை ஒட்டி இருந்த தகரக் கூரைக் கொட்டகையில் ஒண்டினோம். மலாய்க்காரர்கள் முன்பு அவர்களுடைய நாடகம் ஆடிய இடம் அது. கொட்டகை வாசலில் ஒரு ஜப்பான் சிப்பாய் நிற்பான். அவனுக்குக் குனிந்து வணக்கம் போட்டால்தான் உள்ளே போகலாம். முதல் நாள் வேஷத்தோடு வந்த நான், ராஜா சிப்பாய்க்குக் குனிவதாவது என்ற மிதப்பில் நடந்துவிட்டேன். விழுந்த அறையில் கிரீடம் உருண்டு சாக்கடையில் கிடந்தது. மறுநாளிலிருந்து, என் வேஷமான வீரகேது மகாராஜா கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பு ஒடியக் குனிந்து, பிறகு உள்ளே போய்க் கிரீடத்தை மாட்டிக்கொண்டு, மூவுலகும் நடுங்க வசனம் பேசுவார்.

எங்கள் கொட்டகைக்குப் பொறுப்பாக ஓர் அதிகாரி வந்தார். வெள்ளைக்காரத் துரை போய்விட்டாலும் துரை என்ற சொல் போகவில்லை, இவரை நாடகத் துரை என்றார்கள். மொழிபெயர்ப்பதற்குப் புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி சவரிமுத்து. ஆபீஸ் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், நாலு மாதத்தில் ஜப்பான் பாஷை படித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டார். நாலு மாதத்துக்கு உரிய அளவு படித்திருந்தார்.

நாடகத் துரை முதல் தடவை பார்த்த அன்று, விஷ அம்பு பட்டு நான் பாடிக்கொண்டே செத்தேன். வழக்கம்போலக் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டது. வழக்கம்போல எழுந்து இன்னொரு தடவை பாடிச் செத்தேன். துரை கத்தியில் கை வைத்தபடி எழுந்துவிட்டார்.

கிராணி ஓடி வந்தார். "அண்ணே, செத்தவரு ஏன் எந்திரிச்சாருன்னு கேக்கறாரு."

"ஜனங்க கேட்டாங்க, எந்திரிச்சேன்."

கிராணி அதைச் சொன்னார். துரை நெடுநேரம் யோசித்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"உங்க ஊருல ஜனங்க கேட்டா பொணம் எந்திரிக்குமாங்கறாரு."

"நல்லாப் பாடுன பொணம்னா எந்திரிக்கும்னு சொல்லுங்க."

என்ன சொன்னாரோ, துரையின் கண் கலங்கியது. சாகும் வீரனை ஜனங்கள் இப்படிக் கொண்டாடுவது தன் நாட்டுக்கும் ஏற்ற பண்புதான் என்றார். ஆனால், மாலை போட வருகிறவர்கள் முண்டியடித்து மேடையில் ஏறுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஊரில் உங்களுக்குத் தெரியும், பிடித்த பாட்டு வந்தால் பாதி ஆட்டத்தில் ஏறி மாலை போடுவது நம்மவர் வழக்கம். அதற்கு அவர் ஓர் உத்தரவு எழுதி மேடையோரத்துப் பலகையில் ஒட்டினார். மாலை போட விரும்புவோர் வரிசையாக நிற்க வேண்டும். இடப்பக்கம் ஏற வேண்டும். ராஜாவுக்குக் குனிந்து மாலை போட்டபின் வலப்பக்கம் வேஷம் கட்டும் அறை வழியாக வெளியேறி, கொட்டகையைச் சுற்றி முன்வாசலால் திரும்பி வர வேண்டும். தமிழன் வரிசையில் நின்றதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்பதில் முதல் குரல் மாரிமுத்துவுடையது. சவரிமுத்துவின் தோட்டத்திலேயே ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவன். மனைவி அஞ்சலையோடு ஓர் ஆட்டமும் விடாமல் அத்தனை தூரம் நடந்து வருவான், வரும்போது எனக்கு நாலு கிழங்கும் கொண்டுவருவான். ஒரு தடவை, இருட்டுவதற்குள் தோட்டம் போய்ச் சேராவிட்டால் வழியில் சிப்பாய் பிடிப்பான் என்று, மங்களம் பாடுவதற்கு முன்பே எழுந்துவிட்டான். மங்களம் பாடி முடியாமல் எழுந்து போவது ஆடியவனுக்கு அவமரியாதை என்று நினைக்கிற ஆள் நான். செத்துக் கிடந்தபடியே தலையைத் தூக்கி, "எழவு வீட்டுலகூட கடைசி வரைக்கும் இருந்துட்டுப் போவாங்க. இங்க ஒருத்தரு ராஜா ஒடம்பு சூடு ஆறுறதுக்குள்ள கெளம்பிட்டாரு" என்றேன். கொட்டகையே சிரித்தது. மாரிமுத்து கூசிப்போய் உட்கார்ந்தான். ஆட்டம் முடிந்ததும் வந்து, "இனிமே மங்களம் கேக்காம போவ மாட்டேன் அண்ணே, மன்னிச்சுக்குங்க" என்றான். நான் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆட்சியின் இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், தோட்டத்து ஜனங்களுக்கு ஓசி நாடகம் என்று தண்டோரா போட்டார்கள். கொட்டகை நிரம்பியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், முன்வரிசையில் நாற்காலி போட்டு நாடகத் துரை. நான் மாவு அப்பிக்கொண்டிருந்தபோது கிராணி உள்ளே வந்தார். அவருடைய முகத்தில் மாவு இல்லாமலே வெளுப்பு.

"அண்ணே, நான் சொன்னேன்னு வெளியில வரக்கூடாது. ஆட்டம் முடிஞ்சதும் முன்வாசல்ல லோரி வந்து நிக்கும். ஆம்பளைங்க அத்தன பேரையும் ஏத்தி சயாமுக்கு அனுப்பறாங்க, ரயில் பாதை போட. முன்வாசல்ல சங்கிலி போட்டாச்சு."

"ஆட்டம் முடியறதுக்கு முன்னால?"

"கை வைக்க மாட்டாங்க. லோரி இன்னும் வந்து சேரல. தொரைக்கும் கடைசி வரைக்கும் பாக்கணும்லா."

சயாமுக்குப் போனவர்களைப் பற்றி அதற்குள் ஊருக்குத் தெரியும். போனவர்கள் போனவர்கள்தான். என் பாட்டைத் தூண்டிலில் மாட்டி என் ஜனங்களைப் பிடிக்கிறான் ஜப்பான்காரன். எழுந்து கத்தினால் சுடுவார்கள். அப்போதுதான் துரையின் உத்தரவுப் பலகை கண்ணில் பட்டது. இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் வெளியேற வேண்டும்.

பபூன் கோவிந்தனைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தையில் சொன்னேன். அவன் அன்றைக்கு மட்டும் திருப்பிக் கேலி பேசவில்லை. எங்களிடம் இருந்தது ஒரே மாலை, வெள்ளைக்காரன் நாள்காட்டியைக் கிழித்துச் செய்த காகித மாலை. வருடத்தையே ஜப்பான்காரன் மாற்றிவிட்டதால் நாள்காட்டி மாலைக்குத்தான் உதவியது. கோவிந்தன் மேடையேறி, இன்றைக்கு ராஜா ரொம்ப நேரம் சாவார், ஆம்பளைகள் எல்லாரும் மாலை போட்டுப் புண்ணியம் கட்டிக்கொள்ளலாம் என்று அறிவித்தான். கதையில் பாதியை விழுங்கிவிட்டு நான் நேராக அம்பு வாங்கிச் செத்தேன்.

ஒருவர் ஏறுவார், குனிவார், மாலை போடுவார். அவர் வலப்பக்கம் இறங்கும்போது கோவிந்தன் காதோடு, "லோரி நிக்குது, சயாமுக்கு. சுத்தி வராதீங்க, ரயில் பாதையத் தாண்டி ஓடிருங்க" என்பான். பிறகு என் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி வரிசையில் அடுத்தவரிடம் கொடுப்பான். பக்கவாசலில் நின்ற சிப்பாய் கவலைப்படவில்லை. வெளியே போனவன் முன்வாசலுக்கு வருவான் என்பது உத்தரவு. உத்தரவு ஒட்டியிருக்கும்போது வந்தானா என்று பார்ப்பது அவன் வேலை இல்லை. துரையோ பெரிய மனிதர், ஆகையால் முன்வரிசை, ஆகையால் கூட்டம் முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால். ஒரு சாவுக்குப் பத்துப் பதினைந்து பேராக ஆண்கள் பக்கம் மெல்லக் காலியானது. பெண்களுக்குச் சேதி எப்படிப் போனதோ, அஞ்சலைதான் முதலில் கத்தினாள். பிறகு பெண்கள் அத்தனை பேரும் 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள். கொட்டகை இரண்டு மடங்கு நிரம்பியது போலச் சத்தம். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதுக்கோட்டையில் மூன்று தடவைக்கு மேல் என்னை யாரும் சாகக் கேட்டதில்லை. அன்று பதினோரு தடவை செத்தேன்.

ஏழாவது சாவில் மாரிமுத்து மாலை போட்டுவிட்டு இறங்கினான். எனக்கு மூச்சு வந்தது. எட்டாவது சாவில் கண்ணைத் திறந்தால், முன்வாசலால் வந்து தன் இடத்தில் உட்காருகிறான். உள்ளே வருகிறவனைத் தடுக்க யாருக்கும் உத்தரவில்லை, சங்கிலியை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். கோவிந்தன் குனிந்து மாலையைக் கழற்றும்போது, "சொல்லிட்டேன் அண்ணே. மங்களம் கேட்டுட்டு இப்படியே பக்கவாசலால போயிடறேங்கறான். ஒரு தடவ பட்டது போதுமாம்" என்றான்.

அஞ்சலை அவனைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். துரை அதையும் நடிப்புக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார். நான் அம்பு பட்ட நெஞ்சோடு, இல்லாத வரிகளைக் கட்டிப் பாடினேன். ஓடிப்போ என் தோழா, ராஜாவின் சவத்துக்குக் காவல் வேண்டாம், இந்த நிமிஷமே எழுந்து போ என்று அவன் முகத்தைப் பார்த்தே பாடினேன். இதற்கு முன் கேட்டிராத புதுப் பாட்டு. மாரிமுத்துவுக்குக் கண்ணீர் கொட்டியது. கைகளைத் தூக்கி 'ஒன்ஸ்மோர்' என்றான்.

வெளியே லாரிகளின் சத்தம் கேட்டது. நான் மங்களம் பாடாதவரை அவன் எழுந்திருக்க மாட்டான். பாடிவிட்டால் எழுந்து போக வழி இருக்காது. இன்னும் மூன்று தடவை செத்துப் பார்த்தேன். பிறகு குரல் உடைந்து காற்றுதான் வந்தது. துரை எழுந்து கை தட்டினார். நான் மங்களம் பாடினேன். மாரிமுத்து எழுந்து கைகூப்பி நின்று, கடைசி அடி வரை கேட்டான்.

துரை திரும்பினார். பெண்கள் பக்கம் நிறைய முகங்கள். ஆண்கள் பக்கம் மாரிமுத்துவும், மாலை வரிசை எட்டாத ஏழெட்டுப் பேரும். கிராணியிடம் ஏதோ உறுமினார். கிராணி பலகையைக் காட்டினார். தன் கையெழுத்தைத் தானே படித்துக்கொண்டு அவர் நின்ற நிலையை வேறொரு நாளில் நான் ரசித்திருப்பேன். அன்று அவர் என் கன்னத்தில் அறைந்ததுகூட உறைக்கவில்லை. இருந்த ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். எங்களை விட்டது இரக்கத்தால் அல்ல, அடுத்த வாரம் அலோர் ஸ்டாரில் அவர்களுடைய பட்டாளத்துக்கு ஆட்டம் இருந்தது. மாரிமுத்து லாரியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு கொரல் ரொம்ப நல்லா இருந்திச்சு அண்ணே" என்றான்.

சண்டை முடிந்துவிட்டது. கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் பின்வாங்கி, சூரியனோடு சமாதானமாகிவிட்டன. கொட்டகையில் மறுபடியும் விளக்கு வைத்து ஆடுகிறோம், என் கிரீடம் மறுபடியும் தங்கம். முதல் ஆட்டத்தன்று அஞ்சலை வந்திருந்தாள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருக்கலாம்.

"இனிமே மங்களம் பாடாதீங்க அண்ணே. அவரு வந்து கேட்டுக்கட்டும்" என்றாள்.

அதிலிருந்து எங்கள் நாடகத்துக்கு மங்களம் இல்லை. ராஜா சாவார், திரை விழும், ஜனங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். புதிதாக வந்தவர்கள், இவனுக்குப் பாதிப் பாட்டுதான் பாடம் போலிருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஊரிலிருந்து தம்பி எழுதுகிறான், கப்பல் ஓடத் தொடங்கிவிட்டதே, இன்னும் அங்கே என்ன ராஜ்யம் ஆள்கிறாய் என்று. அவன் கேட்பது நியாயம். நானும் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நாலு தடவை போய்விட்டேன். வடக்கிலிருந்து வரும் அந்த ரயிலில் ஏறினால் பிறை என்கிற துறை, அங்கிருந்து படகில் பினாங்கு, பினாங்கில் நாகப்பட்டினத்துக் கப்பல். சயாமில் மிஞ்சியவர்கள், எலும்பும் தோலுமாக ஒருவர் இருவராக, இறங்குவதும் அதே ரயிலிலிருந்துதான். இறங்குகிறவர்களுக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சத்தம் போடுவார். நான் பெட்டியைக் காலடியில் வைத்து, ஒதுங்கி, வழிவிட்டு நிற்கிறேன். கடைசி ஆளும் இறங்கி, அவன் முகத்தையும் நான் பார்த்து முடிப்பதற்குள் ரயில் புறப்பட்டுவிடுகிறது.