புல்லுருவி என்று பெயர் வாங்கிய பூ

மகளின் பாடப்புத்தகத்தில் மரக்கிளையில் பூத்த ஆர்க்கிட் படம். "இது மரத்திலிருந்து உணவு எடுப்பதில்லை" என்று அடியில் போட்டிருந்தது. அந்த வரியை மறுபடி படித்தேன்.

எழுபதுகளில், எங்கள் ஏலக்காய்த் தோட்டத்து நிழல்மரங்களில் பங்குனியில் அதே ஊதாப்பூ சரம்சரமாகத் தொங்கும். சிலமலை ஊரில் இருந்த மாந்தோப்பைப் புல்லுருவிக்குப் பறிகொடுத்த அப்பாவுக்கு, இதுவும் புல்லுருவிதான்.

"எல்லாத்தையும் சுரண்டித் தள்ளு. விட்டா மரத்தையே குடிச்சிரும்."

"நேத்து மழையில பாசி வழுக்குது மொதலாளி. காயட்டுமே" என்றார் மரமேறும் செல்லையா.

"பூவுக்குப் பயந்தவனாய்யா நீ? வெரசா ஏறு."

ஏறியவர் விழுந்தார். இடுப்பொடிந்து, பிறகு நடக்கவேயில்லை. "எல்லாம் அந்தப் புல்லுருவியால வந்தது" என்றே அப்பா கடைசிவரை சொன்னார். அது புல்லுருவிதானா என்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

புத்தகத்தை எடுத்துப்போய், அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அந்த வரியைச் சத்தமாகப் படித்தேன்.