எடை கூடிப்போன டப்பி

என்னைப் போல ஒரு கிறுக்கன் கோயமுத்தூர் ஆய்வகங்களில் தேடினாலும் கிடைக்கமாட்டான். லேசில் ஆவியாகாத பொருளின் ஆவியழுத்தத்தை அளக்க, ஊசித்துளையிட்ட டப்பியில் அடைத்து, வெற்றிடத்தில் சூடாக்கி, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்போம். அது எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான கவிதாக்காவின் முனைவர் பட்ட வேலை. ஒரு வாரக் காத்திருப்பு. அக்கா ஊருக்குப் போயிருந்ததால் நான் எடை போட்டேன். குறைய வேண்டிய எடை கூடியிருந்தது! விஞ்ஞானத்தையே புரட்டிவிட்ட பூரிப்பில் அக்காவுக்குப் போன் போட்டேன்.

ஊரிலிருந்து ஓடி வந்தவர் டப்பியைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, காத்தால தலைக்கு எண்ணெய் வெச்சியா?"

கையுறை போடாமல் தொட்டிருக்கிறேன். எண்ணெய் துளைக்குள்ளும் இறங்கிவிட்டது. ஒரு வாரமும் வீண்.

திட்டுக்குத் தலைகுனிந்து நின்றேன். அக்கா சிரித்துக்கொண்டே டப்பியைக் கழுவினார். அந்தச் சிரிப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

"அடுத்த வாட்டியும் நானே எடை போடட்டுங்களாக்கா?"

"மொட்டை அடிச்சுப்போட்டு வா, கண்ணு."