சோடி சேர்க்க மறுத்தவர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கனடாவின் ஸ்காபரோவில் மூன்று வீடு வாங்கியவன் நான். ஆளைப் பார்த்தவுடனே எடைபோட்டுவிடுவேன். என் பேஸ்மென்டில் குடியிருந்தவரிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

மெலிந்த மனிதர், கையெல்லாம் சின்னச் சின்னப் பல்தடங்கள். பயந்தால் பந்தாகச் சுருளும் ஆபிரிக்க மலைப்பாம்புகளை நிறத்துக்காகச் சோடி சேர்த்துக் குட்டிகளை விற்றுவந்தார். எந்தக் குட்டியையும் முதலில் உள்ளங்கையில் மல்லாத்திவிட்டு, அது தானாகப் புரளும்வரை மூச்சுவிடாமல் பார்த்திருப்பார்.

ஒருநாள் நான் இரண்டு பெட்டிகளைக் காட்டினேன். ஒன்றில் சிலந்திவலை போலக் கோடோடிய ஆண். மற்றதில் தேன்நிறப் பெண்.

"உந்த ரெண்டையும் சேர்த்துவிடும் தம்பி. ஊரில மாடு வளர்த்தவன் சொல்லுறன், குட்டியள் ராசா மாதிரி வரும்."

"வந்தது அண்ணை. முதல் வருசம் நானும் உங்களை மாதிரி வடிவைத்தான் பார்த்தனான்."

"பிறகென்ன?"

"ரெண்டு நிறமும் ஒரு குட்டியில சேர்ந்தா அதுக்குத் தலையை நிமிர்த்தேலாது, மல்லாந்தா புரளவும் ஏலாது. ஆறு முட்டையில ரெண்டு அப்பிடி வந்தது. அவ்வளவு வடிவு. வாங்க ஆக்கள் வாசலில நிண்டவை."

"குடுத்தனீரோ?"

"இல்லை. என்ர கையாலதான் சாக்காட்டினன்."

இரண்டு பெட்டிகளையும் தூக்கி, அறையின் எதிரெதிர் மூலைகளில் வைத்தார். அந்த வருடமும் அப்படிப்பட்ட குட்டிகளைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவர் சேர்க்கவில்லை.

நானென்றால் அந்த இரண்டு குட்டிகளையும் விற்றிருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.